ஷாக்வேவ் கருவி: 'பார்' கணக்கா, மில்லிஜூல் கணக்கா?

விறைப்புக் குறைபாட்டுக்கு ஷாக்வேவ் (அதிர்வலை சிகிச்சை) கொடுக்கிறோம் என்று யார் சொன்னாலும், கருவியின் சக்தியை எந்த அலகில் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று பதில் வந்தால் குவி அலைக் கருவியாக இருக்க வாய்ப்பு அதிகம். 'பார்' என்றோ 'லெவல் 5' என்றோ வந்தால் அநேகமாக ரேடியல், அதாவது பரவு அலைக் கருவி. பெயர் ஒன்றுதான், வேலை வேறு.

குவி அலை, சிறுநீரகக் கல்லை உடைக்க 1980-ல் ம்யூனிக்கில் முதலில் பயன்பட்ட முறையின் மிக மென்மையான வடிவம். அழுத்தம் நானோ நொடிகளில் ஏறும். அலை தோலைக் கடந்து குறித்த ஆழத்தில் குவியும். ரேடியலில் கைப்பிடிக்குள் ஒரு உலோகக் குண்டு ஓடிவந்து முனையில் மோதுகிறது. அதன் விசை தோலில்தான் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். 'பார்' என்பது குண்டைத் தள்ளும் காற்றின் அழுத்தம். திசுவுக்குள் எவ்வளவு போனது என்பதை அது சொல்லாது. குதிகால் வலிக்கு பிசியோதெரபி மையங்களில் ரேடியல் கருவியைப் பரவலாகப் பார்க்கலாம். வீட்டுக்கென விற்பவையும் பெரும்பாலும் இந்த ரகமே. சில, பெயர் மாற்றிய மசாஜ் கருவிகள்.

விறைப்புக் குறைபாட்டுக்கான ஷாக்வேவ் ஆய்வுகளின் தொடக்கம் இஸ்ரேலின் ஹைஃபா நகரம். அங்கே வார்டி என்ற மருத்துவரின் குழு 2010-ல் 20 பேரிடம் செய்த சோதனையில் சக்தி சதுர மில்லிமீட்டருக்கு 0.09 மில்லிஜூல். ஆண்குறித் தண்டில் மூன்று இடம், அடியில் விதைப்பைக்குப் பின்னால் இரண்டு இடம், ஒவ்வொன்றிலும் 300 அதிர்வு, ஒரு அமர்வில் மொத்தம் 1500. வாரம் இரண்டு அமர்வு வீதம் மூன்று வாரம், மூன்று வாரம் இடைவெளி, மறுபடி மூன்று வாரம். அந்தப் பின்பக்க இரண்டு இடங்கள் முக்கியம்: விறைப்புத் திசுவின் வேர் அங்கேதான் எலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து அங்கே முனையைச் சரியான கோணத்தில் பிடிப்பது லேசான காரியமல்ல.

ஜெல்லில் கஞ்சத்தனம் கூடாது. முனைக்கும் தோலுக்கும் நடுவே காற்றுக் குமிழி இருந்தால் அலை அங்கேயே திரும்பிவிடும். வீட்டில் இன்னொரு ஆபத்து மரத்துப்போகும் க்ரீம். வலிதான் 'போதும், நிறுத்து' என்று சொல்லும் மணி. அதை அடக்கிவிட்டு லெவலை ஏற்றினால் ரத்தக்கட்டில் முடியும். ஆண்குறியின் மொட்டு, விதை இரண்டின் மேலும் கருவியின் முனை படக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், அந்த இடத்தில் புண்ணோ தொற்றோ புற்றுநோயோ உள்ளவர்கள் கருவியைத் தொடவே வேண்டாம்.

பலனுக்கும் வரம்பு உண்டு. ரத்த ஓட்டக் குறைவால் வந்த லேசான பாதிப்பில்தான் ஓரளவு எதிர்பார்க்கலாம். புராஸ்டேட் அறுவையில் நரம்பு அறுபட்டவருக்கு இது மருந்தல்ல, மனப் பதற்றத்துக்கும் அல்ல. பலன் கிடைத்தவர்களிலும் பலருக்கு இரண்டு ஆண்டுக்குள் மங்கிவிடுகிறது. அமெரிக்க யூராலஜி (சிறுநீரகவியல்) சங்கம் 2018-ல் இதை ஆய்வு நிலையிலுள்ள சிகிச்சை என்றுதான் வகைப்படுத்தியது. '12 அமர்வு, நூறு சதவீத கேரண்டி' என்று பேக்கேஜ் விற்கும் இடத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கருவிக்குப் பணம் கட்டும் முன் சர்க்கரையின் மூன்று மாத சராசரி, கொழுப்பு, ரத்த அழுத்தம், காலை நேர டெஸ்டோஸ்டிரோன் நான்கையும் பார்த்துவிடுங்கள். ஆண்குறித் தமனியின் அகலம் 1 முதல் 2 மி.மீ., இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ. அடைப்பு சிறிய குழாயில் முதலில் தெரியும், அதனால் விறைப்புக் குறைபாடு இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். நடந்தால் நெஞ்சு அடைக்கிறது என்றால் யூராலஜிஸ்டுக்கு முன்பே இதய மருத்துவரிடம் போகவேண்டும்.