மெய்யியல் படிச்சா என்ன வேல கெடைக்கும்?

கேம்பஸ்ல மெய்யியல் (தத்துவம்) ஸ்பெஷல் டிகிரி செய்யப்போறேன்னு வீட்டுல சொன்ன அன்னைக்கு மாமா கேட்டதுதான் மேல இருக்குற கேள்வி. அவர் மேல எனக்குக் கோவமே இல்ல, அம்மா தேயிலக் கொழுந்து பறிச்ச காசுலதான் நான் ஏஎல் படிச்சேன், தோட்டத்து லயத்துலருந்து ஒரு புள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகுதுன்னா அது வேலயோட திரும்பி வரணும்னு எல்லாரும் நெனக்கத்தான் செய்வாங்க.

ஆனா ஒரு லெக்சர எனக்கு மறக்கவே முடியாது. டேவிட் ஹியூம்ங்குற ஸ்காட்லாந்து மெய்யியலாளர் 1740ல எழுதுன விஷயம். ஒன்னு இப்படி இருக்குங்குறதால மட்டும் அது இப்படித்தான் இருக்கணும்னு ஆயிறாது, நடுவுல காரணம் சொல்லியாகணும். அதக் கேட்டதும் எனக்கு கொழுந்து நிறுக்குற எங்க மடுவம்தான் ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல அம்மா கூடவே போய் நிப்பேன், தராசு முள்ளு 20 கிலோவுல நிக்கும், கணக்குல 17ன்னு எழுதுவாங்க, ஈரத்துக்கு 2 சாக்குக்கு 1, 18 இல்லாட்டி அன்னைக்கு அரப்பேருதான், பாதிச் சம்பளம். ஏம்மான்னு கேட்டா "எப்பவும் அப்படித்தான் புள்ள கழிப்பாங்க"ன்னு சொல்லிட்டு இடுப்புல கட்டுன படங்க அவுத்து ஒதறுவாங்க. மழையில நனஞ்ச கொழுந்துக்கு ஈரம் கழிக்கிறதுல காரணம் இருக்கு, சரி, ஆனா நல்லா வெயிலடிக்கிற மாசியிலயும் அதே 2 கிலோ ஏன்?

இந்தக் கேள்விய எனக்குப் பிரிச்சுக் கேக்கச் சொல்லிக்குடுத்தது மெய்யியல்தான். பேராதனையிலயே பேராசிரியரா இருந்த கே. என். ஜயதிலக்க (கேம்ப்ரிட்ஜ்ல விட்கென்ஸ்டைன்ங்குற மெய்யியலாளர்கிட்ட படிச்சவர்) 1963ல வந்த அவரோட புத்தகத்துல ஆரம்பகால பௌத்தத்துல அறிவுன்னா என்னன்னு ஆராய்ஞ்சிருக்கார், புத்தர் சொன்ன காலாம சூத்திரத்துலயும் பரம்பரையா வருதுங்குறதுக்காக மட்டும் ஒன்ன ஏத்துக்காதன்னுதான் இருக்கு.

அப்பாயி இந்த இலங்கையிலதான் பொறந்தாங்க. 1948 குடியுரிமைச் சட்டம் வந்தப்ப எங்க மலையகத் தமிழ்ச் சனத்துல லச்சக்கணக்கானவங்க நாடில்லாதவங்களா ஆனாங்க, அதுல அவங்களும் ஒருத்தர், மிச்சமிருந்தவங்களுக்கு அது முழுசா தீர 2003 வரைக்கும் ஆச்சு. அந்தச் சட்டம் பார்லிமென்ட்ல முறையா நிறைவேறுனதுதான். சட்டப்படி சரி, ஆனா நியாயமான்னு கேக்குறதுக்கு ரெண்டும் வேற வேறன்னு மொதல்ல தெரியணும் இல்லயா, எங்களப் போல சனத்துக்கு அது ஒன்னும் சும்மா பொழுதுபோக்குப் படிப்பு இல்ல.

போன லீவுல அம்மா கூட மடுவத்துக்குப் போனேன். நல்ல வெயில். "ஐயா, இன்னைக்கு எதுக்கு ஈரக்கழிவு?"ன்னு கணக்கு எழுதுறவர்கிட்ட மரியாதையாதான் கேட்டேன். அவர் என்னப் பாத்தார், தராசப் பாத்தார், ஒன்னும் சொல்லாம வழக்கம்போல எழுதிட்டார். வர்ற வழியெல்லாம் அம்மா பேசவே இல்ல, ஏன்டா கேட்டோம்னு எனக்கு பயமாகூட இருந்துச்சு. தண்ணிப் பீலிக்கிட்ட கால் கழுவுறப்பதான் மெதுவா கேட்டாங்க,

"அவரால பதில் சொல்ல முடியல, இல்ல?"