பாலைப்பழக் காலத்தில் ஒரு கூடாரம்

16 யூன் 2024, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பொசன் போயா, பூரணை விடுமுறை. சனி, ஞாயிறையும் சேர்த்தால் முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போய் வரலாம். சித்தப்பாவின் மேட்டுக்காணி குளக்கட்டு முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. காட்டுக்குள் போய்க் கூடாரம் அடிப்பதென்றால் அனுமதி, கடிதம் என்று அலைய வேணும். சொந்தக்காரரின் காணியில் அந்தச் சோலி இல்லை.

கூடாரம் அண்ணை தந்தது. போன வருசம் கனடாவின் கல்கரியில் இருந்து வந்தவர், திரும்பிப் போகும்போது பாரம் கூடிவிட்டதென்று இங்கே விட்டுப் போனார். அலுமாரிக்கு மேலே கிடந்தது. விசயம் கேள்விப்பட்டதும் இன்று அரை மணித்தியாலம் போனில் வகுப்பெடுத்தார். அவர்கள் கோடையில் பான்ஃப் மலையடியில், ரூ ஜாக் ஏரிக்கரையில் போய்த் தங்குகிறவர்கள். அங்கே இடத்தை மாதக்கணக்கில் முன்னுக்கே பதிய வேண்டுமாம். கரடிக்காகச் சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சவர்க்காரம்கூட வெளியில் வைக்கக் கூடாதாம். எல்லாம் வாகனத்துக்குள் பூட்ட வேணும், இல்லாவிட்டால் அதற்கென்று வைத்திருக்கிற இரும்புப் பெட்டிக்குள் போட வேணும்.

"எங்கட கரடிக்குப் பற்பசையில ஆசையில்லையடா, அதுக்குப் பாலைப்பழம் காணும்" என்றார் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா.

அம்மாவும் வருவாரா என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன். "வாறன். ஆனா உந்தக் கூடாரத்துக்கை படுக்கமாட்டன்" என்றார். ஏனென்று நான் கேட்கவில்லை. 2009இல் செட்டிகுளம் அகதி முகாமில் அவருக்குப் பக்கத்தில் படுத்தவள் நான்தானே.

20 யூன், வியாழன்

சாமான் கட்டி முடிந்தது. அரிசிமா, பருப்பு, தேங்காய், இடித்த சம்பல், ரின்மீன் (மீன் அம்பிடாவிட்டால்), பிளேன்ரீக்குத் தேயிலை சீனி, குடிக்க இருபது லீற்றர் கானில் தண்ணீர், நுளம்பு வலை. வலை என் கணவருக்குத் தேவையில்லாத ஒன்று. 2016இல் உலக சுகாதார நிறுவனமே இலங்கையில் மலேரியா இல்லையென்று சொல்லிவிட்டது என்கிறார். அம்மாவிடம் அந்த நியாயம் எடுபடவில்லை. வன்னிக் காய்ச்சலில் இரண்டு சகோதரங்களைப் பறிகொடுத்தவர் அவர். வலை ஏறியது.

அம்மா தன் பங்குக்கு ஒரு பழைய தறப்பாள், நைலோன் கயிறு, மண்வெட்டி மூன்றையும் கொண்டுவந்து வாசலில் வைத்தார். மண்வெட்டி எதற்கென்று மூத்தவள் கேட்டாள். பதில் இல்லை.

21 யூன், வெள்ளி

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்பாட்டித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கினோம். அதைச் செய்யாமல் ஏ9இல் போனால் வண்டி ஓடாது என்று சின்னவனே இப்போது நம்புகிறான். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம். மழையில்லாத சோளகக் காற்றில் றோட்டுப் புழுதி கண்ணாடியில் வந்து அப்புகிறது. இரண்டு பக்கக் காடும் காய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டது. பாலையும் வீரையும்தான் பச்சை.

சித்தப்பா குளக்கட்டில் நின்றார். குளம் பாதிக்குக் கிட்ட இறங்கியிருக்கிறது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடுகிற காலம். கீழே வயல்கள் பச்சைப்பசேலென்று நிற்கின்றன, மேலே குளம் நாளுக்கு நாள் உள்ளே போகிறது. தண்ணீர் விட்டுப்போன இடத்தில் புது அறுகு முளைத்து வரம்பு மாதிரி ஓடுகிறது. பட்ட மரங்கள் தண்ணீருக்குள் நிற்க, கொப்புக்கு ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் நேரே கரைக்கு ஓடி, "இஞ்சை அடிப்பம், இஞ்சை அடிப்பம்" என்று நின்றார்கள். புல்லு, நிழல், முன்னுக்குத் தண்ணீர். படத்துக்கு நல்ல இடம். சித்தப்பா பார்த்துவிட்டுச் சொன்ன காரணங்களைக் கேட்டபின் அந்த இடம் எனக்கும் பிடிக்காமல் போனது. அந்தப் புல்லுக்குத்தான் இரவில் ஆனை வருகிறது. லத்தி கிடந்ததைக் காட்டினார், ஒன்று இன்னும் ஈரம். கரையில் இருந்து பத்துப் பன்னிரண்டு பாகத்துக்குள் படுக்கக் கூடாது, முதலை உள்ள குளம். நிழல் தந்த மரம் பாலை, அதில் பழம். பழம் விழுகிற மரத்துக்குக் கீழே படுத்தால் விடியப்புறம் கரடியோடு முகம் பார்க்கலாம்.

கடைசியில் அவருடைய காவல் கொட்டிலுக்குப் பக்கத்தில், வெட்டை வெளியில் அடித்தோம். நிழல் இல்லை, காற்று. கம்பியை ஒரு பக்கம் நுழைக்க மற்றப் பக்கம் பாய் மாதிரி ஊதி எழும்புகிறது. இவர் கையேட்டைப் பார்க்க, சித்தப்பா இவரைப் பார்க்க, கால் மணி நேரம் போனது. அம்மா எழும்பி வந்தார். வாசல் காற்றுப் பக்கம் பார்க்க நிற்கிறது, அதைத் திருப்பு என்றார். காற்று வருகிற பக்கத்து முளையை முதலில் அடிக்கச் செய்தார். முளையை நேரே இல்லை, கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சரித்து அடிக்க வேணும். கயிற்றை இழுத்து ஒரு சுருக்குப் போட்டார், இழுக்க இறுகும், ஒற்றை விரலால் தட்டக் கழரும். மூத்தவள் அதை மூன்று தரம் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிப் பழகினாள்.

பிறகு மண்வெட்டி. கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் வெட்டி, பள்ளப் பக்கம் வெளியே ஓட வழி விட்டார். இவர் சிரித்து, "மாமி, சோளகத்தில மழையோ?" என்றார்.

"மழை வராது தம்பி" என்றபடியே வெட்டினார்.

செட்டிகுளத்தில் ஆவணி மழை வந்தபோது வாய்க்கால் இல்லாத கூடாரங்களுக்குள் எது எதெல்லாம் மிதந்ததென்று இவருக்குத் தெரியாது. அப்போது இவர் கொழும்பில். இரவு சொன்னேன். பிறகு அவரே போய் அந்த வாய்க்காலை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினார்.

அம்மா கொட்டிலுக்கு வெளியே தறப்பாளை விரித்து, மேலே வலையைக் கட்டிப் படுத்தார். முதலில் நித்திரையானவரும் அவர்தான்.

22 யூன், சனி, காலை

இரவு ஒரு மணியளவில் ஆக்காட்டிக் குருவி கத்தத் தொடங்கியது. ஆக்காட்டி சும்மா கத்தாது. பூரணை நிலவு, குளம் பாத்திரம் தேய்த்து வைத்தாற்போல் பளபளத்தது. கூடாரத்தின் வலைச் சன்னலால் பார்த்தோம். மத்தியானம் பிள்ளைகள் "இஞ்சை அடிப்பம்" என்று நின்ற அதே புல்லில் மூன்று பெரிய ஆனைகளும் ஒரு குட்டியும். அறுகை முன்னங்காலால் தட்டித் தளர்த்தி, தும்பிக்கையால் சுருட்டிப் பிடுங்கி, முழங்காலில் இரண்டு தரம் அடித்து மண்ணை உதறிவிட்டுத்தான் வாய்க்குள் வைக்கிறது. அந்தப் "பட், பட்" சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. 

இவர் வாகனத்தை ஸ்ராட் பண்ணவா என்று சைகையில் கேட்டார். கொட்டிலில் இருந்து சித்தப்பாவின் குரல், மெதுவாக: "ஒருத்தரும் அசையாதேங்கோ. அது புல்லுக்கு வந்தது, எங்களுக்கில்லை."

அக்கரைப் பக்கம் யாரோ யானைவெடி போட்டார்கள். அங்கே வயல், போடாமல் என்ன செய்வது. ஆனால் வெடிக்குப் பிறகு ஆனைகள் போகவில்லை, குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு தலையைத் தூக்கி நின்றன. அந்த ஐந்து நிமிசம்தான் பயம். அதுவரை பார்த்ததெல்லாம் வேடிக்கை. பிறகு தண்ணீர் ஓரமாகவே நடந்து காட்டுக்குள் போய்விட்டன.

சின்னவன் முழுவதும் நித்திரை. விடிய எழும்பித் தன்னை ஏன் எழுப்பவில்லையென்று இப்போதும் அழுகிறான்.

22 யூன், பின்னேரம்

பாலைப்பழத்துக்குப் போனோம். சித்தப்பா முன்னுக்கு, கையில் கத்தி, வாயில் பேச்சு. காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு குழையை முறித்து மரக்கவரில் வைத்து, பிள்ளையாரை நினைத்துவிட்டுப் போனார். பிறகு போகும் வழி முழுக்க ஊர்க்கதை, சத்தமாக. சத்தம் போட்டுக்கொண்டு போவதுதான் கரடிக்கு மருந்து. கரடிக்குக் கண் மட்டு. தின்கிற கவனத்தில் ஆள் வருவதும் தெரியாது. கிட்டப் போய்த் திடுக்கிட வைத்தால் ஓடாது, எழும்பி நின்று முகத்தைத்தான் பிய்க்கும். கல்கரிக் கரடி சாப்பாட்டு மணத்துக்கு ஆளைத் தேடி வரும். இது அப்படியில்லை, நாங்கள்தான் அதன் சாப்பாட்டு இடத்துக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு இன்னொரு சட்டமும் உண்டு: பாதையை விட்டு இறங்கக் கூடாது, காட்டுக்குள் கிடக்கிற எந்த இரும்பையும் தொடக் கூடாது. அதை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லாத பிள்ளைகள் இந்த மண்ணில்தான் வளர்கிறார்கள்.

ஒரு பெரிய பாலையின் அடியில் நகக் கீறல். பழையவை கறுத்துப்போய், புதியவை செம்மண் நிறத்தில், அதற்குள் பால் கசிந்து உறைந்திருந்தது. பக்கத்தில் அதன் எச்சம், முழுக்கப் பாலைவிதை. ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியது போல் மினுங்கியது. மூத்தவள் தடியால் கிளறிக் கிளறிப் பார்த்து, "அம்மா, இது கழுவி வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள். உண்மை. காட்டில் பாலை நடுகிற ஆட்களில் கரடியும் ஒருவர்.

பழம் மஞ்சள், பெருவிரல் நகமளவு. தேன் இனிப்பு, பிறகு உதடு ஒட்டும். பத்துத் தின்றால் கதைக்கக் கஷ்டம், ஐம்பது தின்ற சின்னவனுக்கு வாயே திறக்கவில்லை. தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தபின்தான் மறுபடி அழத் தொடங்கினான்.

மனம் நொந்தது ஒன்று. வழியில் மூன்று மரங்களில் பெரிய கொப்புகளை வெட்டி விழுத்திவிட்டிருக்கிறார்கள், பழம் ஆய லேசாம். ஏ9 ஓரத்தில் போத்தலில் விற்கிற பழத்தில் எவ்வளவு இப்படி வருகிறதோ. பாலை வளர ஒரு ஆயுள் காணாது. அதன் கட்டை தண்ணீரில் போட்டால் தாழும், அவ்வளவு மெதுவாக இறுகி வளர்ந்த மரம். ஏறிக் கொப்பை உலுப்பி, கீழே சீலை விரித்துப் பிடிக்கத் தெரியாதவர்களுக்குப் பழம் எதற்கு?

வந்து குளிப்பு, முழங்கால் தண்ணீரில், வாளியால் அள்ளி. பிறகு ஆளாளுக்கு உண்ணி பார்த்தல். எனக்கு இடுப்பில் நாலு.

சித்தப்பாவுக்குத் தெரிந்த வள்ளக்காரர் யப்பான் மீன் தந்தார். திலாப்பியாவைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம். 1952இல் வெளியில் இருந்து கொண்டுவந்து விட்ட மீன், இன்று வன்னிக் குளங்களில் அதுதான் வலை நிறைய. சேற்று மணம் போகப் புளியும் உப்பும் போட்டு உரஞ்சிக் கழுவ வேணும். காற்றில் மூன்று கல் அடுப்பு எரியவில்லை. அம்மா குழி தோண்டி அதற்குள் அடுப்பை இறக்கினார், காற்று வர ஒரு வாய், புகை போக ஒரு வாய். வீரை விறகு. குழம்பும் ரொட்டியும் ஆறு பேருக்கும் முக்கால் மணியில். முடிந்ததும் தணலில் தண்ணீர் ஊற்றி, மண் மூடி, கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழும்பினார். இந்தக் காற்றில் ஒரு பொறி காணும், காடு போகும்.

சாப்பிடும்போது மூத்தவள் கேட்டாள்: "அம்மம்மா, நீங்கள் உதெல்லாம் எங்கை பழகினீங்கள்?"

"இடம் பெயரேக்கை."

"எந்த இடத்துக்கு?"

அம்மா பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன். பாடமாக்கின பாட்டுப் போல, நிற்காமல். மூத்தவள் ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் என்று கேட்டாள். "ஒரு இடத்தில அடுப்பு மூட்டினதோட சரி, சாப்பிடேல்லை" என்றார் அம்மா, "நீ மீன் முள்ளைப் பாத்துச் சாப்பிடு."

23 யூன், ஞாயிறு

இரவு ஆனை வரவில்லை. சின்னவன் பன்னிரண்டு மணி வரை விழித்திருந்தது வீண். மூன்று மணிக்கு எழும்பிப் பார்த்தால் அவன் கூடாரத்துக்குள் இல்லை. அம்மாவின் வலைக்குள் புகுந்து படுத்திருக்கிறான். அங்கேதான் காற்று நல்லதாம்.

கூடாரத்தை மடித்து உறைக்குள் போட இவருக்கு ஒரு மணித்தியாலம். கடையில் வரும்போது எப்படித்தான் அந்தச் சின்னப் பைக்குள் இருந்ததோ. சித்தப்பா வாய்க்காலை மூட விடவில்லை. புரட்டாதி கடந்து மழை வந்தால் கச்சான் நிரையின் தண்ணீர் வடிய உதவும் என்றார்.

26 யூன், புதன்

மிஞ்சின பழத்தில் அம்மா பாலைப்பாணி காய்ச்சினார். பிசைந்து, விதையும் கோதும் போக வடித்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேணும். கை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். பின்னேரம் தொடங்கினது இரவு எட்டுக்குத்தான் பதம் வந்தது. ஒரு வாளிப் பழம் ஒரு கொர்லிக்ஸ் போத்தலுக்குள் அடங்கிவிட்டது. வீடு முழுக்க மணம், சட்டி மட்டும் இன்னும் ஊறுகிறது.

அண்ணை எடுத்தார். கூடாரம் எப்படி, நல்லதோ, மழைக்குத் தாங்குமோ என்று அம்மாவிடமே கேட்டார்.

"நல்லது. ஆனா கயிறு கூடாது, வழுக்குது" என்றார் அம்மா. "அடுத்த முறை வரேக்கை உங்கத்தைக் கயிறு கொண்டு வராதை, நான் சந்தையில வாங்கிறன். ஆவணி விடுமுறைக்கு வவுனிக்குளம் போறமாம்."

எங்களில் ஒருவரும் இன்னும் அப்படி முடிவெடுக்கவில்லை.