குட்டையில் 22 நிமிடம், கரையில் சொதப்பல்

தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை. கரையேறிய பிறகு லுங்கி முடிச்சுதான் போட முடியவில்லை.

குளிர்ந்த தண்ணீரில் நீந்தப் பழக மொட்டைமாடியில் வைத்த டிரம் வேலை செய்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு நாள், தினம் மூன்று நிமிடம், கழுத்துவரை ஐஸ் தண்ணீர். முதல் நாள் மூச்சு தூக்கிப் போட்டதே, அது ஆறாம் நாள் பாதிகூட இல்லை. (ஐஸை மீன் மார்க்கெட்டில் முழு பாராக வாங்குங்கள். பாக்கெட் ஐஸ் கட்டுபடியாகாது. சேலம் வெயிலில் வண்டியில் கொண்டுவந்தால் கால்வாசி தொடையிலேயே கரையும், அது வேறு.)

அந்தத் தைரியத்தில் ஞாயிறு காலை ஏற்காட்டில் நண்பனின் காப்பித் தோட்டத்துக் குட்டை. தண்ணீர் 16 டிகிரி. அவன் கயிறோடு கரையில். 22 நிமிடம் நீந்திவிட்டு ஏறி, ஈர ஜட்டியோடு நின்று பெருமை பேசினேன். அங்கேதான் தப்பு.

டிரம் பழக்கியது மூச்சை மட்டும். சூடு எப்போதும்போல் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை. அதோடு, கரையேறினாலும் உள்சூடு இறங்குவது நிற்காது. கை, கால், தோலெல்லாம் சில்லிட்டிருப்பதால் நடு உடம்பின் சூட்டை அவை இழுத்துக்கொண்டே இருக்கும். கரையேறிய பத்தாவது நிமிடம் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. நான் எதுவரை போனேனோ, அளக்கக் கை நிற்கவில்லை.

நண்பன் வெந்நீர் ஊற்ற ஓடினான். "வேண்டாம்டா" என்றது எனக்கே குழறலாகக் கேட்டது. தோலில் ரத்தக் குழாய்கள் சட்டென்று விரிந்தால் பிரஷர் இறங்கி மயக்கம் வரும். காவல்காரத் தாத்தா, "உதடு நீலம் பாரிச்சுக் கெடக்குதுங்க தம்பி" என்று கம்பளியைச் சுற்றினார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே! கிளட்ச் பிடிக்கும் நிதானம் வர ஒன்றரை மணி நேரம்.

இப்போது பை அடுக்குவதே பெரிய வேலையாகிவிட்டது. மேலே துண்டு, அடுத்து மங்கி குல்லா, பனியன், ஸ்வெட்டர். முதலில் நெஞ்சு, கால் அப்புறம். பொத்தான், நாடா, முடிச்சு எதுவும் கூடாது. எலாஸ்டிக் டிராக் பேண்ட் மட்டும். சுக்குக் காப்பி பிளாஸ்க்கின் மூடியைத் தண்ணீரில் இறங்கும் முன்பே தளர்த்தி வைக்க வேண்டும், விறைத்த விரலுக்கு அது திறக்காது. வீட்டில் இரண்டு முறை கையை ஐஸில் வைத்துவிட்டு உடுத்திப் பார்த்தேன்: 4 நிமிடம். இரண்டுக்குள் வர வேண்டும்.

இங்கிலீஷ் கால்வாய் கோடையிலேயே 15 முதல் 18 டிகிரிதான். அதை நீந்திக் கடக்கும் ஆசை இருக்கட்டும். அடுத்த ஞாயிறு அதே குட்டை, 12 நிமிடம். குளிருக்குக் கொழுப்பும் ஒரு கம்பளிதானே, தொப்பையைக் குறைக்கும் திட்டத்தை மார்ச்சுக்குத் தள்ளிவிட்டேன்.