ரெண்டு கிளாஸ்

ஜன்னல் வெளிச்சத்துல ரெண்டு கிளாஸைத் தூக்கிக் காட்டுச்சு அந்த கைடு பொண்ணு. ஒண்ணு பீட்ரூட் சிவப்பு, பேரு ரூபி. இன்னொண்ணு நல்லா இறங்குன கட்டஞ்சாயா கலர், பேரு டானி.

ரெண்டும் போர்ட் ஒயினாம், ரெண்டும் போர்ச்சுகலோட டோரு பள்ளத்தாக்கு திராட்சையாம். ரூபியை சிவப்பு போகாம சீக்கிரமே பாட்டில்ல அடைச்சிடுவாங்க, டானி வருஷக்கணக்கா மரப்பீப்பாய்ல கெடந்து காத்து பட்டுப் பட்டு சிவப்பெல்லாம் வெளுத்துப் போயிருக்கு.

டோரு ஆத்துல போர்ட்டோ நகரத்துக்கு எதிர்க்கரை இது. ஊர் பேரு விலா நோவா டி காயா. பேருதான் காயா, கிடங்கு பூரா பழரசம்.

இத்தனை நாளா இதுல சர்க்கரை கலக்குறாங்கன்னே நெனச்சிட்டிருந்தேன். இல்லையாம், பாதி நொதிக்கறப்பவே 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊத்திடுறாங்க, சர்க்கரையைத் தின்னுற ஈஸ்ட் செத்துடுது, திராட்சையோட இனிப்பு அப்படியே தங்கிடுது. ஆல்கஹாலும் 20 சதவீதம் வரைக்கும் ஏறிடுது, சாப்பாட்டோட குடிக்கற சாதா ஒயின்ல 12, 13தான்.

போன வாரம் ஸ்பெயின்ல, ஹெரேஸ்ல, ஃபினோ ஷெர்ரிங்கற ஒயினைக் குடிச்சுட்டு முகம் சுளிச்சது இப்பதான் புரியுது. அங்க முழுசா நொதிச்சு முடிச்ச பிறகுதான் சாராயம் சேர்க்குறாங்க, துளி இனிப்பு மிஞ்சாது.

பாதில நிறுத்துனது இனிக்குது. காலேஜ் காதல் ஞாபகம் வந்து தொலைச்சுது.

டானில வறுத்த பாதாம் வாசனை. ரூபி கிளாஸ்ல பாதி அப்படியே இருக்கு.