ட்ராக்பால் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விரலை

பக்க வடிவமைப்பு என் தொழில் என்பதால் ஒரு நாளில் பல மணி நேரம் கர்சரை மிகச் சிறிய தூரங்களுக்கு நகர்த்திக்கொண்டே இருக்கிறேன். மவுஸால் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியபோது, கட்டைவிரலால் உருட்டும் ட்ராக்பால் ஒன்றை வாங்கினேன். ட்ராக்பால் என்பது மேசையில் அசையாமல் இருக்கும் கருவி; அதில் பதித்திருக்கும் உருண்டையை விரலால் உருட்டினால் கர்சர் நகரும். கையை மேசையில் இழுக்க வேண்டிய தேவை இல்லாததால் மணிக்கட்டு வலி குறைந்தது. ஆனால் சில மாதங்களில் அதே வலி கட்டைவிரலின் அடிமூட்டுக்கு இடம் மாறியது. அதற்குப் பிறகுதான், உருண்டையை எந்த விரல் உருட்டுகிறது என்பதைப் பார்க்காமல் வாங்கிவிட்டேன் என்பது எனக்குப் புரிந்தது.

கட்டைவிரல் வகைகளில் பெரும்பாலும் 34 மி.மீ. உருண்டை இருக்கும். அது ஒரு முழுச் சுற்று சுற்றினால் அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 107 மி.மீ. நகரும். உருண்டையின் அசைவை அளக்கும் உணரி 400 டிபிஐ அளவில் (அதாவது ஓர் அங்குல அசைவுக்கு 400 புள்ளிகள்) இருந்தால் அது சுமார் 1,680 புள்ளிகளுக்குச் சமம். 1920 புள்ளி அகலமுள்ள திரையைக் கடக்க, கர்சர் முடுக்கம் (வேகமாக உருட்டினால் கர்சரைக் கூடுதல் தூரம் நகர்த்தும் அமைப்பு) இல்லாத நிலையில், ஒரு முழுச் சுற்றுகூடப் போதாது. கட்டைவிரலோ ஒரு வீச்சில் அந்தச் சுற்றில் ஒரு சிறு பங்கைத்தான் உருட்டும். எனவே நாம் டிபிஐயைக் கூட்டுகிறோம். கூட்டியவுடன் விரலின் சிறு நடுக்கமும் திரையில் பெரிதாகத் தெரிகிறது. சொகுசுக்காகச் செய்த மாற்றம் துல்லியத்தைக் கெடுப்பது இப்படித்தான்.

நான் இப்போது பயன்படுத்துவது கென்சிங்டன் நிறுவனத்தின் எக்ஸ்பர்ட் மவுஸ்; பெயரில் மவுஸ் என்று இருந்தாலும் இதுவும் ட்ராக்பால்தான். அதன் உருண்டை 55 மி.மீ.; ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 173 மி.மீ. சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து நீண்ட வீச்சில் உருட்டுகின்றன. கனமான உருண்டை என்பதால், ஒரு சுண்டு சுண்டினால் தானாகவே சற்றுத் தூரம் ஓடவும் செய்கிறது. அதனால் டிபிஐயைக் குறைத்தே வைத்துக்கொள்ள முடிகிறது. 1952 வாக்கில் கனடாக் கடற்படையின் டேட்டார் என்ற கணினித் திட்டத்துக்காக உருவான ட்ராக்பாலில் ஒரு பௌலிங் பந்தையே பொருத்தியிருந்தார்கள் என்பதை, இந்த உருண்டையை உருட்டும்போதெல்லாம் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்வேன்.

இந்த வகையிலும் குறை உண்டு. கருவியின் முன்பக்கம் உயரமாக இருப்பதால் மணிக்கட்டு பின்னோக்கி வளையும். உடன் வரும் மணிக்கட்டுத் தாங்கியை மாட்டிக்கொள்வது அவசியம். பட்டனை அழுத்திப் பிடித்தபடி இழுக்கும் வேலையில், கட்டைவிரல் பட்டனிலும் மற்ற விரல்கள் உருண்டையிலும் இருக்கப் பழகுவதற்கு எனக்கு இரண்டு வாரங்கள் பிடித்தன. இந்த ஒரு வேலையில் கட்டைவிரல் வகைதான் எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடக்கைக்காரர்களுக்கோ இருபுறமும் ஒத்த வடிவமுள்ள கருவியே நல்லது.

டிபிஐக்கு அடுத்தபடியாக, ஏன் அதைவிடவும் முக்கியமாக, உருண்டை அசையத் தொடங்கும் கணத்தைக் கவனிக்க வேண்டும். பல மாடல்களில் உருண்டை மூன்று சிறிய தாங்கு மணிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. உருண்டை அவற்றில் ஒட்டிக்கொண்டு, நாம் அழுத்தம் கூட்டியதும் சட்டென விடுபட்டால், ஒரு புள்ளி நகர வேண்டிய கர்சர் ஐந்து புள்ளி தாண்டிவிடும். கடையில் சோதித்துப் பார்க்க வாய்ப்பிருந்தால், மிக மெதுவாக ஒரு சிறு வட்டம் வரைந்து பாருங்கள். கர்சர் சீராக நகராமல் விட்டுவிட்டுக் குதித்தால் அந்தக் கருவியை விட்டுவிடலாம்.

நன்றாக ஓடிய கருவி திடீரெனச் சிக்கினால், பெரும்பாலும் காரணம் அந்த மணிகளைச் சுற்றிச் சேரும் அழுக்குதான். நான் வாரம் ஒருமுறை உருண்டையை வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, மணிகளில் படிந்த சாம்பல்நிற வளையத்தைப் பஞ்சுக் குச்சியால் நீக்குகிறேன். புதிய உருண்டை முதல் சில நாட்கள் சற்று இறுக்கமாகவே ஓடும். விரல்களின் இயல்பான எண்ணெய்ப்பசை படியப் படிய அது இளகிவிடும்.