பெயர் சொல்லாமல் ஒரு பரிந்துரை

சேலத்தில் சில சேவை அமைப்புகள் ஒன்றுசேர்ந்து, குழந்தைகளுக்காகவும் குடும்பங்களுக்காகவும் அலுவலகப் படியேறிப் பேசுகிறவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு விருது வழங்கி வருகின்றன. தமிழக அரசு மகளிர் நாளில் வழங்கும் அவ்வையார் விருதைப் போலப் பெரியதன்று. ஒரு கேடயம், ஒரு பொன்னாடை, சிறு தொகைக்கான காசோலை, அவ்வளவுதான். சென்ற ஆண்டு அந்த விருதுக்கு, ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடி உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை நான் பரிந்துரைத்தேன். அவருடைய பெயரையும் ஊரையும் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கான காரணம் போகப்போக விளங்கும். ஊரார் அழைப்பதைப் போலவே அக்கா என்று குறிப்பிடுகிறேன். அவரைவிட நான் மூன்று வயது மூத்தவள் என்றாலும், மலையில் ஆசிரியையாக வேலை பார்த்த காலத்திலிருந்து எனக்கும் அவர் அக்காதான்.

அக்கா செய்ததை ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. காப்பி பறிப்பு நடக்கும் மாதங்களில் தாயும் தந்தையும் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டின் மூத்த பெண் பள்ளிக்குப் போகாமல் நிற்பாள். இரண்டு பருவம் அப்படி நின்ற பெண் மூன்றாம் பருவத்தில் திரும்பி வருவதில்லை. அதற்குள் மாப்பிள்ளைப் பேச்சு தொடங்கிவிடும். இந்தச் சங்கிலியை அக்கா முதல் கண்ணியிலேயே அறுக்கப் பார்ப்பார். கைக்குழந்தையைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்வார். பெண்ணைப் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வருவார். அதையும் மீறிக் கல்யாணம் வரை போன வீடுகளும் உண்டு. அப்போது யாரோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்திருப்பார்கள். அந்த 'யாரோ' யாரென்று எனக்குத் தெரியும்.

பரிந்துரைப்பதாகச் சொன்னதும் அக்கா மறுத்துவிட்டார். "வேண்டாங்க டீச்சர். மேடையில நிக்க வச்சு இவங்கதான் கல்யாணத்தை நிறுத்தினாங்கன்னு சொன்னா, அப்புறம் எந்த வீட்டுல என்னை உள்ள விடுவாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கல்யாணப் பேச்சையே விண்ணப்பத்தில் எடுக்கமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்த பிறகும், ஒரு வாரம் கழித்துத்தான் அரை மனதோடு சம்மதித்தார். அந்த வாக்கைக் கொடுத்தபோது, அதை வைத்துக்கொண்டு எப்படி எழுதப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

படிவம் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் ஒன்றும் சிக்கலில்லை. இரண்டாம் பக்கத்தில் 'தங்கள் பணியால் பயனடைந்த ஐந்து குழந்தைகளின் பெயர், வயது, முகவரி' என்று ஒரு கட்டமும், 'பயனாளிகளுடன் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள்' என்று இன்னொரு கட்டமும் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் செய்தித்தாள் நறுக்குகள் கேட்டிருந்தார்கள். அக்காவைப் பற்றி எந்தச் செய்தித்தாளிலும் ஒரு வரி வந்ததில்லை. வந்திருந்தால் அவருடைய வேலை அன்றோடு முடிந்திருக்கும். குழந்தைகளுக்காக வாதாடுகிறவரைப் பாராட்டும் படிவம், அந்தக் குழந்தைகளையே காட்டிக்கொடுக்கும்படி கேட்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இதை வடிவமைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்கமாட்டார்கள். ரத்த தான முகாமுக்கும் மரக்கன்று நடுவதற்கும் பழகிய படிவத்தையே இதற்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, திருமண வயதை எட்டும் முன் மணம் செய்துவைக்கப்படும் உடனடி ஆபத்தில் உள்ள குழந்தை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகும். அப்படிப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இதைக் குறிப்பிட்டு அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, அந்த இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட அனுமதி கேட்டேன். பதில் வரவில்லை. வெறுமையாகவே விட்டேன்.

வழி கிடைத்தது அக்காவின் நோட்டுகளில். அலுவலகங்களுக்கு எடுத்துச் சென்ற மனுக்களின் ரசீது எண்ணையும் தேதியையும் மூன்று நாற்பது பக்க நோட்டுகளில் அவர் குறித்து வைத்திருந்தார். பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, வீட்டிலேயே பிறந்து பதிவு செய்யப்படாத குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ். ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியரின் ஆணை இல்லாமல் பிறப்பைப் பதிய முடியாது. மற்றது, பழங்குடியினர் என்பதற்கான சாதிச் சான்றிதழ். அதையும் வட்டாட்சியர் தர இயலாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அந்த ஊர் மக்கள் இதற்காக இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வந்தால், அன்றைய கூலி போயிற்று. ஆகவே ஐந்தாறு வீட்டுக் காகிதங்களைச் சேர்த்துக் கட்டி, எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுத்து, நேரில் வர வேண்டியவர்களை மட்டும் ஒரே நாளில் அழைத்துக்கொண்டு வருவார்.

பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் ஒரு பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்பதை யாரிடமும் காட்ட முடியும். அது இல்லாத வீட்டில் பெண்ணின் வயது, கேட்கிறவரைப் பொறுத்து மாறும். அக்கா பல ஆண்டுகளாக அமைதியாகச் செய்துவந்தது இந்த வேலையைத்தான் என்று நோட்டுகளைப் புரட்டியபோதுதான் எனக்குப் பட்டது. எனவே விண்ணப்பம் முழுவதையும் சான்றிதழ்களைப் பற்றியே எழுதினேன். கல்யாணம் என்ற சொல் அதில் ஓரிடத்தில்கூட வரவில்லை. நோட்டுப் பக்கங்களைப் படியெடுத்து, குழந்தைகளின் பெயர்களைக் கறுப்பு மையால் மறைத்து இணைத்தேன். உறைவிடப் பள்ளித் தலைமையாசிரியர் ஒரு கடிதம் தந்தார். முப்பது வயதைக் கடந்த ஒரு தாய், தன் சாதிச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்று தானே சொல்லச் சொல்ல எழுதவைத்துக் கைரேகை வைத்தார். தன் பெயரைப் போடலாம் என்று அவரே சொன்னார்.

நடுவர்கள் இருவர் நேரில் பார்க்க வந்தார்கள். பனி விலகாத ஒரு காலையில், அக்காவின் வீட்டுத் திண்ணையில் கடுங்காப்பி குடித்தபடி பேசினோம். அவர்களில் ஒருவர் எதையோ கேள்விப்பட்டிருக்க வேண்டும். "எத்தனை குழந்தைத் திருமணங்களை நிறுத்தியிருக்கிறீர்கள்?" என்று நேராகவே கேட்டுவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்து வீட்டு வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா சற்றும் தடுமாறாமல், "எனக்குக் கணக்கெல்லாம் தெரியாதுங்க சார், பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன்" என்றார். கேட்டவர் தலையாட்டிவிட்டு நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மற்றவர் முன்பு வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். ரசீது எண்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வெகுநேரம் பேசாமல் இருந்தார். தீர்ப்பு அந்த அமைதியில்தான் முடிவாகியது என்பது என் ஊகம்.

விருது கிடைத்தது. விழாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அழைப்பிதழ் அச்சாகும் முன் மீண்டும் ஒருமுறை, 'பயனடைந்த குழந்தைகள் சிலரை மேடைக்கு அழைத்து வரவும்' என்று தொலைபேசியில் சொன்னார்கள், முடியாது என்றேன். மேடையில் வாசித்த பாராட்டுரையில் சான்றிதழ்கள் மட்டுமே இருந்தன. ஊரிலிருந்து வாடகை வேனில் வந்திருந்த பதினேழு பேரில், ஒரு காலத்தில் அக்காவோடு பேசாமல் இருந்த வீட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். காசோலைத் தொகையை அக்கா மனுச் செலவுக்கென்று அஞ்சலகக் கணக்கில் போட்டுவிட்டார்.

விழா முடிந்ததும் அமைப்பாளர்களுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். இம்முறை பதில் வந்தது. இந்த ஆண்டுப் படிவத்தில் குழந்தைகளின் பெயர், முகவரி கேட்ட கட்டம் இல்லை. புகைப்படத்துக்கான கட்டம் இருக்கிறது. அதன் கீழே சிறிய எழுத்தில் 'குழந்தைகளின் முகம் தெரியாதவாறு' என்று சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்தையே எடுத்துவிடும்படி மூன்றாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.