ஏபி கால்குலஸ் வகுப்பிலிருந்து

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியாராக இருப்பதால், நம்மவர்கள் யாரைப் பார்த்தாலும் கேட்பது ஒன்றுதான்: "பையன் எத்தனை ஏபி எடுக்கலாம் சார்?" போன வருஷக் கணக்கு அவனுக்கு எப்படி என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் அவ்வளவு வேகமாக வராது.

ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) என்பது கல்லூரி முதலாண்டுப் பாடத்தைப் பள்ளியிலேயே படிப்பது. மே மாதம் காலேஜ் போர்டு என்ற அமைப்பு தேர்வு வைக்கும். 1 முதல் 5 வரை மதிப்பெண். 4, 5 வாங்கினால் பல பல்கலைக்கழகங்களில் கிரெடிட் உண்டு, அதாவது அந்தப் பாடத்தை அங்கே முடித்ததாகவே கணக்கு. கல்லூரிக் கட்டணம் இருக்கிற இருப்பில் ஒரு பாடம் மிச்சமானாலும் லாபம்தான். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. எம்ஐடியில், ஏபி, பிசி என்ற இரண்டு கால்குலஸ் பாடங்களில் பெரியதான பிசியில் 5 எடுத்தால்தான் கிரெடிட். டார்ட்மத் கல்லூரி 2014-இல் சேர்ந்தவர்களிலிருந்து கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது.

அப்புறம் ஜிபிஏ, எல்லாப் பாடங்களின் கிரேடுகளுக்கும் சேர்த்து வரும் சராசரிப் புள்ளி. பல பள்ளிகளில் சாதாரண வகுப்பில் ஏ வாங்கினால் 4 புள்ளி, ஏபியில் 5. அந்த ஒரு புள்ளிக்காக மட்டும் வந்தவர்கள் யார் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

இவர்களுக்குக் கால்குலஸ் புரியாமல் போவதில்லை. லிமிட் என்றால் என்ன என்று கேட்டால் படம் போட்டே விளக்குவார்கள். அதே கணக்கில் இரண்டு பின்னங்களைக் கழிக்க வேண்டி வரும். பகுதியைப் பொதுவாக்க வேண்டிய அந்த வரியில் பேனா நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா. அவசரமாகத் தாண்டி வந்தது அங்கேதான் காலை வாரும். அதை நடத்த எனக்கும் நேரமில்லை, மே மாதம் காத்திருக்காது.

அடித்தளம் சரியாக இருப்பவர்களுக்கோ இந்த வகுப்பு நிஜமாகவே நல்லது. தேர்வில் விரிவாக எழுத 6 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 9 மதிப்பெண். தொட்டியில் தண்ணீர் கூடுகிறதா, குறைகிறதா என்ற கேள்விக்கு "கூடுகிறது" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் கிடைக்காது. உள்ளே வரும் வேகம் வெளியேறும் வேகத்தைவிட அதிகம் என்று காட்ட வேண்டும். விடை மட்டும் போதும் என்று வளர்ந்த பிள்ளைகள் முதலில் சண்டைக்கே வருவார்கள். பிறகு மற்றப் பாடங்களிலும் "ஏன்?" என்று எழுத ஆரம்பிப்பார்கள். கிரெடிட்டைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஒரே வருஷத்தில் ஐந்து ஏபி எடுத்தவர்களிடம் அதைப் பார்ப்பது அரிது. முதல் பீரியடிலேயே கொட்டாவி. வீட்டுப்பாடத்தை முடிப்பார்கள், யோசிக்க எங்கே நேரம்?

கிரெடிட் கையில் இருந்தும், கல்லூரியில் அதே கால்குலஸில் மறுபடி உட்கார்ந்த பழைய மாணவர்கள் உண்டு. "காசு வீண்தானே சார்" என்று அப்பாக்கள் புலம்புவார்கள். பொறியியல் படிக்கப் போகிற பிள்ளை, பல மாறிக் கால்குலஸில் தடுமாறுவதற்கு முன் ஒரு பருவம் நிதானமாகப் படித்தால் அதை வீண் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.